‘பிரின்ஸ் காஸ்பியன்’: அந்த இரவுத் தாக்குதலை மன்னிக்கலாமா?

பழுப்புத்தாள்

நார்னியா படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், இரண்டாவதாக வந்த ‘பிரின்ஸ் காஸ்பியன்’தான் முதிர்ச்சியான படம் என்று யாராவது அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படத்தின் மேல் எனக்குள்ள கோபம் 2008இல் தொடங்கியது, இன்னும் ஆறவில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதை மறந்தவர்களுக்காக: முதல் கதை முடிந்து பூமியில் ஓராண்டு ஆகிறது, நார்னியாவில் பல நூற்றாண்டுகள் ஓடிவிடுகின்றன. நாட்டைப் பிடித்த டெல்மரைன்கள் பேசும் விலங்குகளையும் குள்ளர்களையும் காட்டுக்குள் விரட்டிவிட்டார்கள். அரியணையைப் பறித்துக்கொண்ட சித்தப்பா மிராஸிடமிருந்து தப்பியோடும் காஸ்பியன், சூசனின் பழைய கொம்பை ஊதுகிறான். முதல் கதையில் நார்னியாவை ஆண்ட உடன்பிறப்புகளான பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி நால்வரும் ரயில் நிலையத்திலிருந்து இழுக்கப்பட்டு, இடிந்து கிடக்கும் தங்கள் சொந்த அரண்மனையில் வந்து நிற்கிறார்கள்.

படத்தில் என்ன நடக்கிறது? பீட்டர் படைக்குத் தலைமை ஏற்கிறான், மிராஸின் கோட்டையை இரவோடு இரவாகத் தாக்கியே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின்களின் கால்களில் தொங்கியபடி கோட்டைக்குள் இறங்குகிறார்கள். காஸ்பியன் திட்டத்தை விட்டு விலகிச் சித்தப்பாவைத் தேடிப் போகிறான். எல்லாம் குளறுபடியாகிறது. இரும்புக் கதவு விழுகிறது. உள்ளே சிக்கியவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடுகிறார்கள். சி.எஸ். லூயிஸ் 1951இல் வெளியிட்ட நாவலில் இதில் ஒரு வரிகூடக் கிடையாது.

சேர்த்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இதற்காக எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பதுதான் என் வழக்கு. நாவலின் உயிர் அந்த இரவு நடையில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மேலே, நார்னியாவைக் காக்கும் சிங்கமான அஸ்லான் நிற்பதை லூசி மட்டும் பார்க்கிறாள். மேலே போவதா கீழே போவதா என்று வாக்கெடுப்பு நடக்கிறது, எட்மண்டைத் தவிர யாரும் அவள் பக்கம் நிற்கவில்லை. கீழ்நோக்கிப் போகிறார்கள், எதிரியின் காவல்படை அம்பு விடுகிறது, களைத்துப்போய் மறுபடி மேலே ஏறுகிறார்கள். அன்றிரவு அஸ்லான் லூசியை எழுப்பி, மற்றவர்களுக்குத் தான் தெரியாவிட்டாலும் அவர்களை எழுப்பிக் கூட்டிவரச் சொல்கிறார். தூக்கக் கலக்கத்தில் எரிந்துவிழும் அண்ணனையும் அக்காவையும் ஒரு சிறுமி எழுப்புகிறாள். அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒருவரைப் பின்தொடர்ந்து எல்லாரும் செங்குத்தான பாறையில் இறங்குகிறார்கள். முதலில் எட்மண்டுக்கு ஒரு நிழல் தெரிகிறது. பிறகு பீட்டருக்கு. சூசனுக்கு வெகுநேரம் கழித்துத்தான். அவரைத் தன் உள்மனத்துக்கு முன்பே தெரியும், தானே அதை அமுக்கிவிட்டேன் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். குழந்தைகளுக்கான நாவல் ஒன்றில் இதைவிட நுட்பமான பக்கங்கள் எத்தனை இருக்கின்றன? படத்தில் லூசி நின்ற இடத்தில் மண் சரிகிறது, வழி தெரிகிறது, முடிந்தது.

தீப்பந்தம்

நண்பரே, நாவலை உங்கள் அளவுக்கு நானும் நேசிப்பவன்தான். ஆனால் “ஒரு வரிகூடக் கிடையாது” என்பதை ஏற்க முடியாது. கோட்டை இல்லை, தோல்வி இருக்கிறது. நால்வரும் வந்து சேர்வதற்கு முன்பே காஸ்பியன் ஒரு பெரிய தாக்குதல் திட்டம் போட்டு மண்ணைக் கவ்வுகிறான். விம்பிள்வெதர் என்ற அரக்கன் தவறான நேரத்தில் தவறான இடத்தில் பாய்ந்ததால் வந்த வினை. கரடிக்குக் காயம், குதிரைமனிதன் ஒருவனுக்குப் பெருங்காயம். அந்த அரக்கன் மூக்கு நுனியில் கண்ணீர் திரண்டு, கீழே படுத்திருக்கும் எலிகளின் மேல் சொட்டுகிறது. நாவலாசிரியர் ஒரு பத்தியில் சொல்லிக் கடந்துபோனதை இயக்குநர் ஆண்ட்ரூ ஆடம்சன் நீண்ட காட்சியாக விரித்தார், தவற்றைப் பீட்டரின் தலையில் வைத்தார். அவ்வளவுதான்.

இப்போது உங்கள் இரவு நடைக்கு வருகிறேன். நாவலில் லூசியை நம்பாததற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? வீணான நடை, சில அம்புகள், கால்வலி. பெரிய பாவத்துக்கு மிகச் சிறிய தண்டனை. படத்தில்? தாக்குதலுக்கு முன் நடக்கும் ஆலோசனையை நினைத்துப்பாருங்கள். முதல் கதையின் வெள்ளைச் சூனியக்காரியை உண்மையில் தோற்கடித்தது யார் என்று லூசி பீட்டரைக் கேட்கிறாள். அஸ்லானுக்காகக் காத்திருந்தது போதும் என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து போகிறான். அடுத்துக் கோட்டை. காளைத் தலை கொண்ட மினோட்டார் ஒருவன் தன் தோளில் அந்த இரும்புக் கதவைத் தாங்கிப் பிடித்து, மற்றவர்கள் தப்பிக்க வழிவிட்டுச் சாகிறான். வெளியே குதிரையில் இருக்கும் பீட்டர் திரும்பிப் பார்க்கிறான். கம்பிகளுக்குப் பின்னால் அவனை நம்பி வந்தவர்கள் நிற்கிறார்கள். நம்பிக்கையின்மை என்றால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? உங்கள் இரவு நடையை அவர்கள் எறியவில்லை. கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள்.

அணில்வால்

பாவம் அந்த எலிகள். படத்தில் அவர்களை நனைக்க ஆளில்லை, அதனால்தான் அவ்வளவு உற்சாகமாகக் கழுத்தறுக்கிறார்கள்.

பழுப்புத்தாள்

அணில்வால் விளையாட்டாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. தோல்வியைச் சொல்லும் பத்தியிலேயே சிரிப்பை வைப்பவர் அந்த நாவலாசிரியர். அழும் அரக்கன், நனைந்த எலிகள் அவனைத் திட்டும் திட்டு, அவன் கால்விரல் நுனியில் நடந்து ஒதுங்கிப் போவது. நார்னியாவின் காற்றே அதுதான். படத்தில் அந்த இடத்தில் நீலம் கலந்த இருட்டும் இரும்பும் பிணங்களும் இருக்கின்றன. ரத்தம் மட்டும் இல்லை, சிறுவர்களும் பார்க்க வேண்டுமே! இத்தனை பேர் வெட்டுப்படுகிறார்கள், ஒரு வாளிலும் கறை கிடையாது. எனக்கு அது ரத்தத்தைவிடக் கூசுகிறது.

பீட்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாவலில் காஸ்பியனைச் சந்தித்ததும் பீட்டர் சொல்லும் முதல் சொற்களில் ஒன்று, உன் இடத்தைப் பறிக்க வரவில்லை, உன்னை அதில் அமர்த்தவே வந்தேன் என்பது. ஒரே வாக்கியத்தில் அவன் அரசன் என்று தெரிந்துவிடுகிறது. படத்தில் இருவரும் சந்தித்த கணமே வாளை உருவிக்கொள்கிறார்கள். பிறகு படம் முழுக்க யார் பெரியவன் என்ற முறைப்பு.

தீப்பந்தம்

அந்த முறைப்புக்குக் காரணம் இருக்கிறது, அது படத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. முதல் கதையில் நால்வரும் நார்னியாவில் பல ஆண்டுகள் ஆண்டு, வளர்ந்து பெரியவர்களானவர்கள். பிறகு, நார்னியாவுக்கு வந்த அதே அலமாரி வழியே விழுந்து மறுபடி சிறுவர்கள் ஆகிறார்கள். போரில் படை நடத்திய ஓர் அரசன் மறுநாள் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூட வரிசையில் நிற்கவேண்டும். அவன் மனம் என்ன பாடுபடும்? நாவல் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. நார்னியக் காற்று பட்டதும் பழைய திறமை திரும்புகிறது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. படம் லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு கைகலப்போடு தொடங்குகிறது. யாரோ ஒரு பையன் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னானாம், பீட்டர் அடிதடியில் இறங்கிவிட்டான். அந்த ஒரு காட்சியிலிருந்து கோட்டைவரை நேர்கோடு போடலாம். அவனுக்கு மிராஸை வெல்வதைவிடத் தான் அரசன் என்று நிரூபிப்பதுதான் முக்கியம். இது நாவலைக் கெடுப்பதில்லை, அது விட்டுவைத்த பள்ளத்தை நிரப்புவது.

மழைமேகம்

பீட்டரைப் பற்றி நீங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சூசனை யாராவது கவனித்தீர்களா?

நாவலில் ஒரு சின்னக் காட்சி. குள்ளன் டிரம்ப்கின், கொம்பின் அழைப்புக்கு வந்தவர்கள் இந்தச் சிறுவர்கள்தானா என்று நம்பிக்கை இழக்கிறான். எட்மண்ட் அவனோடு வாள்சண்டை போட்டு ஜெயிக்கிறான். அடுத்துச் சூசனோடு வில்போட்டி, இலக்கு ஓர் ஆப்பிள். அவளுக்கு அதில் மகிழ்ச்சியே இல்லை. தோற்றுவிடுவோம் என்ற பயத்தால் அல்ல. ஏற்கெனவே ஒருமுறை தோற்றவனை மறுபடி தோற்கடிக்க மனம் வரவில்லை. நான்கு வரிகளில் ஒரு முழுப்பெண் எழுந்து நிற்கிறாள். படம் வாள்சண்டையை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆப்பிளை விட்டுவிட்டது. பதிலுக்கு, காட்டில் குதிரை வீரர்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தும் சூசனைக் கொடுத்தது.

போரில் அவள் இறங்கியதில் எனக்கு வருத்தமில்லை. நாவலில் பெண்பிள்ளைகள் இருவரையும் போர்க்களத்துக்கு வெளியே அனுப்பிவிடுவது எனக்கு எப்போதும் உறுத்தும். ஆனால் அந்தக் காதல்! காஸ்பியனும் சூசனும் பார்வையால் பேசிக்கொள்வதும் கடைசியில் எல்லார் முன்னிலையிலும் முத்தமிடுவதும் எங்கிருந்து வந்தன? நாவலின் காஸ்பியன் சிறுவன். நடித்த பென் பார்ன்ஸுக்கு அப்போது இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. வயதை ஏற்றியதும் காதல் தானாக முளைத்துவிட்டது போலும்.

அணில்வால்

முத்தத்தைவிட அந்த உச்சரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. டெல்மரைன்கள் அனைவருக்கும் ஸ்பானிய வாடை. மூன்றாவது படத்தில் காஸ்பியன் கப்பல் ஏறினான், உச்சரிப்பு கரையிலேயே நின்றுவிட்டது.

பாதிக்கதவு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நாவலை அப்படியே எடுக்கவேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒரு கேள்வி. பதினைந்து அத்தியாயங்களில் நான்காவதிலிருந்து ஏழாவது வரை டிரம்ப்கின் உட்கார்ந்து காஸ்பியனின் முன்கதையைச் சொல்கிறான். கதாநாயகர்கள் நால்வரும் இடிபாடுகளில் அமர்ந்து கேட்கிறார்கள். திரையில் இதை எப்படி வைப்பீர்கள்? படம் காஸ்பியனின் தப்பியோட்டத்தையே முதல் காட்சியாக வைத்தது. மிராஸுக்கு மகன் பிறக்கும் அலறலோடு தொடங்கி, காஸ்பியனின் கட்டிலைச் சுற்றி அம்புகள் பாய்கின்றன. நல்ல முடிவு.

பிபிசி 1989இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது இந்த நாவலுக்கு இரண்டே பகுதிகள் ஒதுக்கி, மீதி நான்கை அடுத்த நாவலுக்குக் கொடுத்துவிட்டது. இதில் கதை எவ்வளவு குறைவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. (அந்தத் தொடரில் எலித்தலைவன் ரீப்பிசீப்பாக நடித்த வார்விக் டேவிஸ்தான் 2008 படத்தில் குள்ளன் நிக்காபிரிக். எலியிலிருந்து துரோகிக்கு.)

பழுப்புத்தாள்

முன்கதையை நேராக வைத்ததில் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, பாதிக்கதவு. கட்டில் காட்சியும் சரி, பீட்டர்–மிராஸ் இருவர் சண்டையும் சரி, நன்றாகவே வந்திருக்கின்றன. செர்ஜியோ காஸ்டெல்லிட்டோவின் மிராஸ் கோழையல்ல, களைத்த மனிதன். சண்டை நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறான்.

ஆனால் கதை குறைவு என்பதற்கு மருந்து போரை இரட்டிப்பாக்குவதா? கடைசிப் பகுதியைப் பாருங்கள். நாவலில் அஸ்லான் திரும்பியதும் ஒரு திருவிழா கிளம்புகிறது. மதுவின் தேவன் பாக்கஸ் வருகிறான், திராட்சைக் கொடிகள் படர்கின்றன. ஆற்றுத் தேவன் தன் சங்கிலியை அவிழ்த்துவிடச் சொல்லிக் கேட்கிறான். அந்தச் சங்கிலிதான் பாலம். ஐவிக் கொடிகள் ஏறிப் பாலம் சிதைகிறது. பிறகு அந்த ஊர்வலம் ஊருக்குள் போகிறது. ஒரு பள்ளி வகுப்பிலிருந்து ஒரு சிறுமி எழுந்து சேர்ந்துகொள்கிறாள். மரணப் படுக்கையில் இருக்கும் காஸ்பியனின் பழைய தாதி எழுந்து உட்காருகிறாள். போரில் தோற்ற வீரர்கள் ஆற்றங்கரைக்கு ஓடிவந்து பார்த்தால் பாலம் இல்லை, சரணடைகிறார்கள். ஒரு நாடு உறக்கத்திலிருந்து விழிப்பதை அவர் இப்படி எழுதினார். படத்தில் அதே ஆற்றுத் தேவன் பாலத்தை ஆட்களோடு தூக்கி, டெல்மரைன் பிரபு சொபெஸ்பியனை விழுங்குகிறான். விடுதலை வெறும் ஆயுதமாகிவிட்டது.

அணில்வால்

மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு போருக்கு வந்தபோது வேறொரு படத்துக்குள் தவறி நுழைந்துவிட்டோமோ என்று எனக்குச் சந்தேகம்.

தீப்பந்தம்

பாக்கஸையும் அவன் பின்னால் ஆடிவரும் பித்துப்பிடித்த பெண்களையும் சிறுவர் படத்தில் காட்டியிருந்தால் முதலில் கூச்சலிடுபவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

சரி, ஒன்று கேட்கிறேன். வெள்ளைச் சூனியக்காரி காட்சியைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? நாவலில் அவளை எழுப்பலாம் என்று நிக்காபிரிக்கும் அவன் கூட்டாளிகளும் பேசுவதோடு சரி, அவள் வருவதில்லை. படத்தில் பனிச்சுவர் எழுகிறது, அதற்குள் டில்டா ஸ்விண்டன் கை நீட்டுகிறார். ஒரு துளி ரத்தம் போதும் என்கிறார். காஸ்பியன் மயங்குகிறான். அவனைத் தள்ளிவிட்டுக் காப்பாற்ற வந்த பீட்டரும் வாளைத் தாழ்த்தி அப்படியே நிற்கிறான். அப்போது பனிக்குப் பின்னாலிருந்து ஒரு வாள் முனை. பனி நொறுங்குகிறது. நிற்பவன் எட்மண்ட். முதல் கதையில் இனிப்புக்காக இவளிடம் தன் உடன்பிறப்புகளை விற்றவன்! தொடக்க ரயில் நிலையச் சண்டையில் பீட்டர் உதவிக்கு வந்த தம்பியிடம் நானே சமாளித்திருப்பேன் என்று எரிந்து விழுந்திருப்பான். எட்மண்ட் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு நடக்கிறான். கதாபாத்திரங்களை இவ்வளவு ஆழமாகப் படித்தவர்கள் நாவலைப் படிக்காமல் எடுத்தார்கள் என்று சொல்ல முடியுமா?

பழுப்புத்தாள்

நன்றாகப் படித்தவர்கள்தான். அதனால்தான் கோபம் அதிகம். எட்மண்டின் அந்த வாள்வீச்சை நானும் ரசித்தேன். ஆனாலும் நாவலில் அந்தக் காட்சி எப்படி அமைந்திருக்கிறது என்று நினைவிருக்கிறதா? பீட்டரும் எட்மண்டும் டிரம்ப்கினும் மூடிய கதவுக்கு வெளியே நின்று கேட்கிறார்கள். உள்ளே முகம் தெரியாத இரண்டு குரல்கள். ஒன்று கீச்சிடும் கிழவிக் குரல். மற்றொன்று மந்தமான, சாம்பல் நிறக் குரல். பசியும் தாகமும் தானே என்று சொல்லிக்கொள்வது. அதைக் கேட்டுப் பீட்டரின் உடல் கூசுகிறது. வாசகனுக்கும்தான். சூனியக்காரி வராததுதான் அங்கே பயம். வந்துவிட்டால் அவள் ஒரு நடிகை, அவ்வளவுதான்.

மழைமேகம்

நிக்காபிரிக்கின் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது, நாவல் அதை மறைக்கவில்லை. அஸ்லானோ பழைய அரசர்களோ இன்னும் வரவில்லை, என் இனம் அழிகிறது, யார் உதவினால் என்ன என்று கேட்பவன் அவன். அவன் செத்தபின் காஸ்பியன் வெற்றி முழக்கம் இடுவதில்லை. நீண்டகாலத் துன்பமும் வெறுப்பும் அவனைக் கசக்கச் செய்துவிட்டன, சீக்கிரம் வென்றிருந்தால் நல்ல குள்ளனாக ஆகியிருப்பான் என்று வருந்துகிறான். படத்தில் அந்த வருத்தத்துக்கு நேரமே இல்லை.

பாதிக்கதவு

வசூலும் ஒரு சாட்சி. 2005இல் வந்த முதல் படம் உலகெங்கும் சுமார் 74 கோடி டாலர் ஈட்டியது. இரண்டாவது படத்துக்குச் செலவே 22 கோடி டாலருக்கு மேல், வரவு சுமார் 42 கோடி. டிஸ்னி நிறுவனம் அதோடு கைகழுவியது. மூன்றாவது படம் 2010இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய் வந்தது. மக்கள் பழுப்புத்தாளின் பக்கம் தீர்ப்பளித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாமா?

தீப்பந்தம்

வேண்டாம். வசூலை வைத்து நல்ல படம் எது என்று தீர்ப்பதானால் நாம் அனைவரும் இங்கே பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் படம் டிசம்பரில் வந்தது. பனி, விளக்குக்கம்பம், கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் பொருந்தின. இதை மே மாதத்தில், பெரிய பெரிய சாகசப் படங்களுக்கு நடுவில் இறக்கிவிட்டார்கள்.

பழுப்புத்தாள்

மே மாதத்தில் இறக்கவேண்டும் என்று முடிவுசெய்ததால்தான் கோட்டைத் தாக்குதலே வந்ததோ என்றும் யோசியுங்கள்.

தீப்பந்தம்

சரி, கடைசிக் காட்சி. பீட்டரும் சூசனும் இனி நார்னியாவுக்கு வரமுடியாது என்று அறிவிக்கப்படுகிறது. பீட்டர் தன் வாளைக் காஸ்பியனிடம் கொடுக்கிறான். படத்தில் அந்தக் கணம் எனக்குத் தொண்டையை அடைக்கிறது. காரணம், இவன் வாளை எதற்காக இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான், அதனால் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். நாவலில் பீட்டர் தொடக்கத்திலேயே பெருந்தன்மையானவன். அவனிடமிருந்து எதையும் பிடுங்கவேண்டியதில்லை. எனவே பிரிவு சாதுவாக இருக்கிறது. தாக்குதலை எடுத்துவிட்டால் இந்த விடைபெறலும் போய்விடும். அதை எப்படி ஈடுகட்டுவீர்கள்?

பழுப்புத்தாள்

சூசனைக் கொண்டு ஈடுகட்டுவேன். அவளுக்கும் அதுதான் கடைசிப் பயணம். இரவு நடையில் எல்லாருக்கும் பிந்திக் கண்டவள், அச்சங்களின் பேச்சைக் கேட்டுவிட்டாய் என்று அஸ்லான் சொல்லி, தன் மூச்சை அவள் மேல் ஊதி அனுப்பியவள். அவள் திரும்பி வரமாட்டாள் என்று கேட்கும்போது நாவலில் எனக்கு வலிக்கிறது. படத்தில் அவளுக்குக் கிடைத்தது என்ன? ஒரு முத்தம்.

மழைமேகம்

இதற்கு என் ஓட்டு உண்டு.

அணில்வால்

எட்மண்டின் டார்ச் விளக்கை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். நாவலில் கடைசி வரியே, புது டார்ச்சை நார்னியாவில் விட்டுவிட்டு வந்தோமே என்று அவன் அலுத்துக்கொள்வதுதான். படத்தில் அதே டார்ச்சைக் கோட்டைக் கோபுரத்தில் நின்று படைக்குச் சைகை காட்டப் பயன்படுத்துகிறான், சண்டையில் அது கைநழுவிப் போகிறது, கடைசியில் அதே வரியும் வருகிறது. தாக்குதல் வேண்டாம் என்பவர்கள், டார்ச் எங்கே தொலைந்தது என்பதற்கு வேறொரு இடம் சொல்லவேண்டும்.

பழுப்புத்தாள்

நாவலில் அது எங்கே தொலைந்தது என்று யாரும் கேட்டதில்லையே, அணில்வால். கேட்கத் தோன்றாமல் எழுதியிருந்தார்.

தீப்பந்தம்

நான் கேட்டேன். முதல் வாசிப்பிலேயே.